ஐயாயிரம் ரூபாய்க்குப் புதிய கேம் வாங்குவது தகுமா?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 என்ற சோனியின் வீடியோ கேம் கன்சோலை வாங்கினேன். குழந்தை உறங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமைகளில் சற்றுக் கூடுதலாகவும் விளையாட நேரம் கிடைக்கிறது. தனியாக ஆடக்கூடிய, கதையை நம்பி நடக்கும் கேம்களே எனக்குப் பிடித்தவை. பிளேஸ்டேஷன் 4 காலத்தில் சோனியின் பெரிய கேம்கள் ரூ. 3,999 என்ற விலையில் வந்தன. இன்று அதே வரிசைக் கேம்களுக்கு ரூ. 4,999 கேட்கிறார்கள்.

விலையை ஆடும் மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்குமாறு அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். மணிக்கு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கினால் திரையரங்கு டிக்கெட்டைவிட மலிவு என்பது அவருடைய வாதம். அப்படிப் பார்த்தால், ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும் ஸ்பைடர்-மேன் 2 மணிக்கு முந்நூறு ரூபாய்க்கு நெருங்கிவிடுகிறது. நூறு மணி நேரம் ஓடும் கேம் ஐம்பதில் நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் கணக்கோடு பழகும் எனக்கே இந்தக் கணக்கு உறுத்துகிறது. காரணத்தைத்தான் சொல்லத் தெரியவில்லை. வெளியான அன்றே முழு விலை கொடுப்பது எப்போது சரி, எப்போது வீண் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: இரவுப்பணி

உங்களுக்கு உறுத்துவதில் நியாயம் இருக்கிறது. மணிக்கணக்கால் வகுக்கும்போது, எல்லா மணி நேரமும் ஒரே தரம் என்று நம்மை அறியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். விரும்பிய இடத்துக்குச் சுற்றித் திரியவிடும் பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்கள் பலவற்றில் வரைபடம் முழுவதும் குறியீடுகளைத் தூவி வைத்து, கோபுரத்தில் ஏறு, முகாமைப் பிடி, பெட்டியைத் திற என்று ஒரே வேலையை இடம் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வார்கள். நீளம் கூடுமே தவிர சுவை கூடுவதில்லை. மேலும், வகுக்க வேண்டியது அந்தக் கேமில் இருக்கும் மணி நேரத்தால் அல்ல, நீங்கள் உண்மையில் ஆடப்போகும் மணி நேரத்தால். இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு நூறு மணி நேரக் கேம் என்பது சில மாதங்கள் நீளும் கடமை. முப்பதாவது மணியில் கைவிட்டால் உங்கள் நண்பரின் ஐம்பது ரூபாய் நூற்று அறுபதைத் தாண்டிவிடும்.

மறுமுனைக்கு வெண்பா என்ற சிறிய கேமை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட கேம் அது. 1980-களின் இறுதியில் கனடாவில் வேரூன்றத் தொடங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, அழிந்த வரிகளை ஊகித்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அமெரிக்க விலை 15 டாலர். மணிக்கணக்கில் பார்த்தால் ஸ்பைடர்-மேனைவிட இதன் விலை குறைவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. இன்னொரு மணி நேரம் கூட்டியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே நீளத்தை விட்டுவிட்டு, வாங்கும் நேரத்தைப் பாருங்கள். தனியாக ஆடும் கதைக் கேம், வெளியாகும் நாளில்தான் அதிக விலையிலும் அதிகக் குறைகளோடும் இருக்கிறது. சைபர்பங்க் 2077 இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். 2020 டிசம்பர் 10 அன்று வெளியான அந்தக் கேம், பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கன்சோல்களில் ஆட முடியாத நிலையில் இருந்ததால் ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு ஜூனில்தான் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்துக்குப் பிறகு அது வேறு கேம் என்றே சொல்லலாம், விலையும் தள்ளுபடிக் காலங்களில் பாதியாக இறங்கியிருந்தது. காத்திருந்தவருக்குக் கதையில் ஒரு வரியும் குறையவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளியான ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட், சரியாக ஓராண்டில், பணம் கட்டும் வரை பல கேம்களை ஆடவிடும் பிளேஸ்டேஷன் பிளஸ் எக்ஸ்ட்ரா சந்தாவுக்குள் வந்தது. 2022 நவம்பரில் வெளியான காட் ஆஃப் வார் ரக்னராக் 2025 ஜனவரியில் வந்தது. சந்தாவை நிறுத்தினால் அவற்றை ஆட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோ நிறுவனம் ஒரு விதிவிலக்கு: அவர்களுடைய கேம்களுக்குக் காத்திருந்து பெரிய பலனில்லை, 2017-இல் வந்த செல்டா கேமின் விலை ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது.

சில கூடுதல்களைச் சேர்த்து, அதிக விலைக்கு டீலக்ஸ் பதிப்பு என்று ஒன்று விற்பார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஸ்டார்ஃபீல்டு என்ற கேமின் உயர்விலைப் பதிப்பு, மற்றவர்களுக்கு ஐந்து நாள் முன்னதாக ஆடும் உரிமையைத்தான் முக்கியமாக விற்றது.

பதில்: முதல்நாள்_முதல்காட்சி

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் முதல் நாளில் வாங்குபவர்களை ஏமாளிகள் போலச் சித்தரிப்பதை ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு வாக்கில் 60 டாலராக நிலைபெற்ற பெரிய கேம்களின் விலை 2020 வரை அசையவில்லை. இடைப்பட்ட காலத்தில் பணவீக்கத்தால் அந்த 60 டாலரின் மதிப்பு வெகுவாகத் தேய்ந்தது. கேம்களைத் தயாரிக்கும் செலவோ பல மடங்கு கூடியது. எனவே அதன் பிறகு வந்த 70 டாலர் விலை கொள்ளை அல்ல என்பதே என் கருத்து. மாரியோ கார்ட் வேர்ல்டு கேமுக்கு நிண்டெண்டோ 2025-இல் வைத்த 80 டாலரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதே ஆண்டில் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 என்ற கேமுக்கு 80 டாலர் என்று அறிவித்த மைக்ரோசாஃப்ட், வெளியாகும் முன்பே 70-க்கு இறங்கி வந்தது. வாங்குபவர்களின் முணுமுணுப்புக்கும் ஒரு விலை இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

கூட்டமாக ஆடும் கேம்களில் காத்திருப்பது பயன் தராது. நண்பர்கள் எல்லோரும் ஆடி முடித்து வேறு கேமுக்குப் போன பிறகு பாதி விலையில் வாங்கி யாரோடு ஆடுவது? பெரும்பாலும் தனியாக ஆடும் எல்டன் ரிங் போன்ற கேமில்கூட, முதல் சில வாரங்களில் எல்லோரும் வழி தெரியாமல் தடுமாறி, கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது தனி அனுபவம். பிறகு வந்தவர்களுக்கு எல்லாம் இணையத்தில் எழுதித் தீர்ந்திருந்தது.

பதில்: வட்டுப்பெட்டி

கேள்வி கேட்டவரிடம் டிஸ்க் போடும் பெட்டி இருக்கிறது என்பதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. 17 மணி நேரக் கேமை மூன்று வாரத்தில் முடித்து, விலை இறங்கும் முன்பே டிஸ்க்கை விற்றுவிட்டால், உண்மையில் உங்களுக்கு ஆன செலவு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. குறுகிய கதைக் கேம்களுக்கு முதல் நாள் விலை தகும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் நண்பரின் கணக்கு இங்கே தலைகீழாகிறது.

பழைய டிஸ்க் வாங்கும்போது அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். டிஸ்க் உறைக்குள் இருக்கும் கூடுதல் உள்ளடக்கத்துக்கான குறியீட்டை முதல் உரிமையாளர் பயன்படுத்தியிருப்பார், அதற்கென்று தனியே பணம் தராதீர்கள். டிஸ்க் இருந்தால் கேம் முழுவதும் அதில் இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது: 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் நூறு மெகாபைட்கூட இல்லை, மற்றதெல்லாம் பதிவிறக்கம்தான்.

நொய்யல்கரை

மூவருக்கும் நன்றி. விற்றுவிடலாம் என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. ஆன்லைன் கடையில் வாங்கி, பிடிக்கவில்லையென்றால் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? சேலத்தில் இருக்கும் என் தம்பியிடம் கணினி மட்டும் இருக்கிறது. அவனும் நானும் சேர்ந்து ஆடுவதற்கு இருவரும் தனித்தனியே முழு விலை கொடுக்க வேண்டுமா?

பதில்: இரவுப்பணி

தம்பி கணினியில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை வழியாக வாங்கினால், வாங்கிய 14 நாட்களுக்குள்ளும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடிய நிலையிலும் காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் பொதுவாக அந்த வாய்ப்பு போய்விடும். ஆடிப் பார்க்காமல் பிடிக்குமா என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்; எனக்கும் அது விளங்கவில்லை. ஆன்லைன் கடைகளில் நாம் வாங்குவது பெரும்பாலும் ஆடும் உரிமம் மட்டுமே என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற தி க்ரூ என்ற கார்ப் பந்தயக் கேம், 2024 மார்ச் இறுதியில் அதை இணையம் வழியாக இயக்கிய சர்வர் நிறுத்தப்பட்டதும் பணம் கொடுத்தவர்களுக்கும் திறக்கவில்லை. தனியாக ஆடும் பகுதிக்கும் அந்த இணைப்பு தேவைப்பட்டதால் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது ஐயத்துக்கு நல்ல பதில் உண்டு. இட் டேக்ஸ் டூ, ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் ஆகிய இரண்டு கேம்களும் இருவர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடியவை; ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃபிரெண்ட்ஸ் பாஸ் என்ற இலவசப் பதிப்பை இறக்கிக்கொண்டு கதையை முழுவதும் சேர்ந்து ஆடலாம். ஆனால் முதலாவதில் பிளேஸ்டேஷனும் கணினியும் ஒன்றோடொன்று இணையாது. 2025 மார்ச்சில் வந்த ஸ்ப்ளிட் ஃபிக்ஷனில் இணையும் என்பதால், உங்கள் இருவருக்கும் அதுதான் பொருந்தும்.