ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கணக்கில் வராதா?

நிறைகுடம்: எடிட்டரில் சீன எழுத்துகளை உள்ளிட, எழுத்தின் உருவத்தைப் பிரித்துத் தட்டும் வூபி முறையை விட்டால் வேறு கதியில்லை என்றும், அதில் எந்த எழுத்தும் நான்கு தட்டல்களைத் தாண்டாது என்றும், ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டும் பின்யின் சோம்பேறிகளுக்கானது என்றும் நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 'நடு' எனப் பொருள்படும் ஜொங் எழுத்துக்கு வூபியில் கே விசையை மட்டும் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் அது தானாக வந்து விழுமா? ஸ்பேஸ் பாரை யார் தட்டுவது?

வூபிவேலன்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 1983இல் வாங் யொங்மின் வகுத்த இம்முறை, ஒலியை நம்பாமல் எழுத்தின் உருவத்தையே 25 விசைகளில் பிரித்து வைக்கிறது. நீங்கள் பின்யினில் ஷி என்று தட்டிவிட்டு, வரிசைகட்டி நிற்கும் எழுத்துகளில் வேண்டியதைத் தேடி முடிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குப் போயிருப்பேன். ஸ்பேஸ் என்பது உறுதிசெய்தல், தட்டல் அன்று.

நிறைகுடம்: விரல் இறங்குகிறது, விசை அழுந்துகிறது, ஆனாலும் தட்டல் அன்று! தைவானில் ஒலிக்குறிகளைக் கொண்ட ஜூயின் முறையில் தட்டுபவர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள். அங்கே முதல் தொனியைக் குறிப்பதே ஸ்பேஸ் பார்தான்.

தூரிகை: ஒலியை முழுதாக எழுத்துக்கூட்டும் முழுப் பின்யினை வைத்துக்கொண்டே ஏன் சண்டை? இரட்டைப் பின்யினில் எந்த அசைக்கும் இரண்டே விசைகள் போதும். ஆறு ஆங்கில எழுத்து நீளும் ஜுவாங் கூட அதில் இரண்டில் அடங்கிவிடும்.

நிறைகுடம்: ஸ்பேஸையும் சேர்த்தால் மூன்று. நான் நேர்மையாகச் சேர்த்தே சொல்கிறேன்.

வூபிவேலன்: யாரும் தனித்தனி எழுத்தாகத் தட்டுவதில்லை. சீனாவைக் குறிக்கும் ஜொங்குவோ என்ற சொல்லுக்கு எனக்குக் கே, எச், எல், ஜி போதும். உங்கள் முழுப் பின்யினுக்கு எட்டு.

நிறைகுடம்: இசட், ஜி என்று இரண்டு முதலெழுத்துகளைத் தட்டினாலே அந்தச் சொல் முன்னால் வந்து நிற்கிறது. பிறகு ஸ்பேஸ். அதையும் எண்ணித்தான் மூன்று என்கிறேன், சிலரைப்போல மறைக்கவில்லை.

விம்பித்தன்: எண்ணிக்கை கிடக்கட்டும். விம் எடிட்டரில் எஸ்கேப் அடித்துவிட்டு ஒரு வரியை நீக்க டி விசையை இருமுறை தட்டினால், அணைக்க மறந்த பின்யின் அவற்றைத் தம்பியைக் குறிக்கும் டிடி என்ற சொல்லின் முதலெழுத்துகளாக எண்ணி விழுங்கிவிட்டுத் தம்பி வேண்டுமா என்று பட்டியலை நீட்டுகிறது. இதற்கு உங்களில் யாரிடம் மருந்து இருக்கிறது?

நிறைகுடம்: ஈமேக்ஸ் எடிட்டரிடம் இருக்கிறது. அதன் உள்ளீட்டு முறை எடிட்டருக்குள்ளேயே இயங்குவதால், கண்ட்ரோல் எக்ஸில் தொடங்கும் கட்டளைகளில் அது தலையிடாது.

வூபிவேலன்: அந்த ஈமேக்ஸ் பின்யின், எழுத்துகளை ஒவ்வொன்றாகத்தானே எடுத்துக் கொடுக்கிறது? சொல்லாகத் தட்டினால் மூன்றே விசை என்று சற்றுமுன் பெருமை பேசியவர் அதைக் கவனிக்கவில்லை போலும். உருவத்தைக் கொண்டே தட்டும் சாங்ஜியே முறையைப் பற்றிய விவாதத்திலும் இவர் இப்படித்தான் பாதியில் பாதை மாறினார்.

நிறைகுடம்: அங்கே சாங்ஜியேவில் ஓர் எழுத்துக்கு ஐந்து விசைகள் வரை ஆகலாம் என்று சொன்னபோதும் நான் ஸ்பேஸைத் தனியாகத்தான் எண்ணினேன், அப்போதும் நீங்கள் பதில் சொல்லவில்லை. பழைய கணக்கைக் கிளறியது நீங்கள்தான், ஆகவே இப்போதாவது சொல்லுங்கள்: கே ஒன்று, ஸ்பேஸ் ஒன்று, மொத்தம் எத்தனை?

வூபிவேலன்: ஒன்று.