விண்டோஸிலிருந்து உபுண்டு: டாட்நெட் ஆட்கள் கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. என் லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இந்த பிராசஸர் இல்லை. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, தூக்கிப் போட மனசில்லை. உபுண்டு 24.04 லினக்ஸுக்கு மாறலாம் என்றிருக்கிறேன்.

வேலை டாட்நெட் 8-இல்தான் (மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் உருவாக்கத் தளம்), அது லினக்ஸில் ஓடும். டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரை டாக்கரில், அதாவது தனி கன்டெய்னரில், வைத்துக்கொள்ளலாம். கோட் எழுத இப்போது பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கிடைக்காது, சரி. அதற்குப் பதில் ரைடரா, விஎஸ் கோடா? பல புராஜெக்ட்கள் சேர்ந்த பெரிய சொல்யூஷனில் டீபக் செய்து (பிழை தேடி) பழகியவர்கள் சொன்னால் நல்லது.

உண்மையான தலைவலி ஒரு பழைய பில்லிங் புராஜெக்ட். விண்டோஸுக்கு மட்டுமேயான வின்ஃபார்ம்ஸ், பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. லினக்ஸில் அசையாது, கிளையன்ட்டோ அடிக்கடி கூப்பிடுவார். உபுண்டுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் போட்டால் போதுமா, இரண்டையும் தனித்தனியாகப் போட்டு டூயல் பூட்டே வைத்துக்கொள்ளவா? டூயல் பூட் என்றால் மெஷினின் கடிகாரத்தை உபுண்டு யுடிசியாக (உலகப் பொது நேரம்) எடுக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுக்கும். ஒவ்வொரு முறை மாறும்போதும் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். அதைச் சரிசெய்து வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் மாற்றினீர்கள்?

அப்புறம், தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவன் நான். லினக்ஸில் தமிழ் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ்ஸோடு எம்17என் போட்டால் விஎஸ் கோடில் ஒழுங்காக வருகிறதா?

‘மேக் வாங்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள், பட்ஜெட் இல்லை!