விக்டோரியா அரங்கில் அப்பா கை தட்டியபோது

உட்லண்ட்ஸ்வாசி:
போன வருஷம் அப்பாவைச் சிங்கப்பூர் விக்டோரியா இசையரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மணிக்கூண்டுக் கட்டடம்தான், எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் இப்போ ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கே, அது அரசாங்க ஆபீஸா இருந்த காலத்தில் அப்பா அங்கே பியூன். அந்த மணிக்கூண்டைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தைச் சரிபண்ணுவாராம். உள்ளே ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

சிம்பனியில் முதல் பகுதி முடிந்தது. எல்லாப் பகுதியும் முடிந்த பிறகுதான் அங்கே தட்டுவது வழக்கம். அப்பா தட்டிவிட்டார். நாலே தட்டு. 673 பேர் உட்காரும் இடத்தில் வேறு ஒரு கையும் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் சட்டென்று அப்பா கையைப் பிடித்து மடியில் அமுக்கினேன். கடைசியில் எல்லாரும் எழுந்து தட்டும்போதும் அந்தக் கை மடியிலேயே கிடந்தது. இன்னும் உறுத்துது.

தேக்கா அக்கா:
அமுக்கினது தப்பு தம்பி. நம்ம கச்சேரியில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் முடிந்து தட்டாவிட்டால்தான் வித்வானுக்கு மனசு நோகும். அப்பா பழகினது அது. நானும் அங்கே நடுவில் தட்டியிருக்கேன், என் கையை யாரும் பிடிக்கலை.

அடுத்த தடவை நிகழ்ச்சித் தாளில் எத்தனை பகுதி என்று முதலிலேயே பார்த்து அப்பாவிடம் சொல்லிடுங்க. இசை நடத்துநர் கையை இறக்கி நம்ம பக்கம் திரும்பினால் தட்டலாம். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி கேவனா பாலம் வழியா மெதுவா நடங்க. உள்ளே குளிரும், சால்வை எடுத்துக்குங்க. வயசானவருக்கு மாடி இருக்கை வேண்டவே வேண்டாம். பிந்திப் போனால் வெளியே நிற்க வச்சிடுவாங்க.

ஓய்வு ஆசிரியர்:
அக்கா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பகுதிகளுக்கு இடையில் வரும் அமைதியும் இசைதான், அதைக் காக்கணும். ஆனால் பிள்ளை பிடித்த பிடி கொஞ்சம் மென்மையா இருந்திருக்கலாம்.

நான் மறக்காதது பக்கத்து நாடக அரங்கில் நடந்தது. தமிழ் நாடகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போயிருந்தேன். நகராட்சி மன்றம் இந்த அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது, 1958 செப்டம்பர் 6 அன்று, சுபிர் சைட் இயற்றிய, இப்போது நம் தேசிய கீதமான ‘மஜுலா சிங்கப்பூரா’ முதன்முதலில் ஒலித்தது இங்கேதான் என்றேன். தினமும் காலையில் வாயை மட்டும் அசைக்கிற ஒரு பையன், நடைவழியில் கைகளை உடம்போடு ஒட்டி நேராக நின்றுவிட்டான். யாரும் சொல்லவில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:
அக்கா, நாங்க பிந்திப் போகலை, அரைமணி முன்னாடியே போயிட்டோம். இன்னிக்கு அப்பாகிட்ட கேட்டேன். “எப்பவோ மறந்துட்டேன்பா” என்றார். நம்ப முடியலை. அடுத்த மாசத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்.