மறு: மறு: அகலத்திரையும் அதன் முதுகிலுள்ள ஓட்டைகளும் – சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கணினித் திரை வாங்குவோருக்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். நான்கு இடங்களில் முட்டி நிற்கிறேன்.

வைட்ஸ்கிரீன் மானிட்டரை ‘அகலத்திரை’ என்று வைத்திருக்கிறேன். மானிட்டருக்கும் திரைக்கும் வேறுபாடு காட்ட வேண்டாமா? ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்குத் ‘தோற்ற விகிதம்’ என்று பட்டியல்களில் இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. நேட்டிவ் ரெசல்யூஷனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம், பின்னால் கம்பி செருகும் இடம். மூலத்தில் போர்ட், கனெக்டர், இன்டர்ஃபேஸ் என்று மூன்று சொல் வருகின்றன. மூன்றையும் ‘இணைப்பு’ என்று எழுதினேன். ஒரு பத்தி முழுக்க இணைப்பாகவே இருக்கிறது.

நீங்கள் எல்லாரும் விவாதிப்பது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வெள்ளிக்கிழமை.

---

பேராசிரியர் எழுதியது:

அன்பு மகளே, அகலத்திரையில் புணர்ச்சிப் பிழை இல்லை. அகலம் + திரை. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது, மரப்பலகை போல. சிலர் ‘அகல்திரை’ என்று எழுதக் காண்கிறேன். அது வினைத்தொகை. அகன்ற, அகல்கின்ற, அகலும் என்று முக்காலத்துக்கும் விரியும். அகலுதல் என்றால் விலகிப் போவதும்தான். வாங்கியவர் வருந்துவார்.

ஆனால் திரை என்ற சொல்லே இங்கே தகுமா? திரை என்றால் கடலலை. திரை என்றால் நரையோடு சேர்ந்து வரும் தோல் சுருக்கம். பால் கெட்டாலும் திரைதல்தான். நாம் இங்கே கொள்ளும் பொருளுக்கு மூலம் சீலை, அதாவது மறைப்பது. மறைப்பதற்கு உரிய சொல்லைக் காட்டுவதற்கு உரியதாக மாற்றியது திரைப்படக் காலம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை மேடைச்சீலை சொல்லப்படுகின்றன. எழினி எழு என்னும் வேரினின்று வந்தது என்பது என் துணிபு. எழுந்து காட்சி தருவது. மானிட்டருக்கு எழினி, அகன்றதற்குப் பேரெழினி என்று முன்மொழிகிறேன். இரண்டு திரையை அருகருகே வைத்து வேலை செய்பவருக்குப் பொருமுக எழினி என்ற சொல் ஆயத்தமாகவே காத்திருக்கிறது பாருங்கள்.

---

எப்போதாவது எழுதுபவர் எழுதியது:

ஐயா, எழினியும் மறைக்கிற சீலைதானே? திரைக்குச் சொன்ன குற்றம் அதற்கும் உண்டு. தவிர, எழினி என்றதும் எனக்கு அதியமான் மகன் பொகுட்டெழினிதான் நினைவுக்கு வருகிறார். ‘24 அங்குல எழினி’ என்று படித்தால் அவரை யாரோ அளந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மானிட்டர் என்பதற்கு மூலம் எச்சரித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை. வகுப்பைக் கண்காணிக்கும் மாணவனும் மானிட்டர்தான். நேர்த் தமிழ் வேண்டுமென்றால் சட்டாம்பிள்ளை இருக்கிறார். அகலச் சட்டாம்பிள்ளை.

---

பொறியாளர் எழுதியது:

சட்டாம்பிள்ளைக்கு என் ஓட்டு. விளையாட்டுக்குச் சொல்கிறேன், யாரும் பதிவு செய்துவிடாதீர்கள்.

‘அகலம்’ என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு, அது இலக்கணக் குறை இல்லை. திரையை மூலைக்கு மூலை, குறுக்காக அளக்கிறார்கள். பழைய 5:4 வடிவத்தில் 19 அங்குலத் திரையின் உயரம் சுமார் 30 செ.மீ. 16:9 வடிவத்தில் 24 அங்குலத் திரையின் உயரமும் சுமார் 30 செ.மீ.தான். ஐந்து அங்குலம் கூடுதலாக வாங்கியும், அதே அளவு எழுத்தில் ஒரு வரிகூட அதிகம் தெரியாது, பக்கவாட்டில்தான் இடம் கூடும். 22 அங்குலம் வாங்கினால் உயரம் 27 செ.மீ. ஆகிவிடும். 2008-ஐ ஒட்டி 16:10 போய் 16:9 பரவியபோது 1920×1200 புள்ளி என்பது 1920×1080 ஆனது. அகலம் அப்படியே இருக்க, உயரத்தில் 120 புள்ளிவரிசை போயிற்று. அதற்குப் பெயர் அகலத்திரை! உண்மையைச் சொன்னால் குட்டைத்திரை.

எழுதிப் படிக்கிற வேலை என்றால் உயரத்தைப் பார்த்து வாங்கு என்று வழிகாட்டியில் ஒரு வரி இருந்தால் நல்லது. மூலத்தில் இல்லாவிட்டால் அடிக்குறிப்பாகவாவது போடலாமே?

---

கணினி ஆசிரியை எழுதியது:

‘தோற்ற விகிதம்’ வேண்டவே வேண்டாம். வகுப்பில் சொல்லிப் பார்த்தவள் நான். தோற்றம் என்றால் பிள்ளைகள் அழகு என்று எடுத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் பிறப்பு. ‘அகல-உயர விகிதம்’ என்றால் விளக்கமே தேவையில்லை. 16:9 என்பதில் எது அகலம் எது உயரம் என்ற கேள்விக்கும் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது.

மானிட்டருக்கு என் பரிந்துரை ‘தனித்திரை’. மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் ஒட்டியே இருப்பது திரை. தனியாக வாங்கி மேசையில் வைப்பது தனித்திரை. மூலநூல் மானிட்டர் என்று பிரித்துச் சொல்வதும் அதைத்தானே?

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அகல-உயர விகிதம் எடுத்துக்கொண்டேன், அக்கா. நன்றி. தனித்திரையும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘அகலத் தனித்திரை’ நாக்கைச் சுற்றுகிறது.

21:9 என்று ஒரு வகை வருகிறது. அதை 7:3 என்று சுருக்கலாமா?

---

பொறியாளர் எழுதியது:

சுருக்காதீர்கள். 21:9 கணக்கே இல்லை, விற்பனைக்காக உருட்டிச் சொன்ன எண். 2560×1080 உண்மையில் 64:27. 3440×1440 உண்மையில் 43:18. இரண்டையும் 16:9-க்குப் பக்கத்தில் வைத்தால் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று 21:9 என்கிறார்கள். அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி போர்ட். மூலநூல் மூன்று சொல் வைத்திருப்பது அலங்காரத்துக்காக இல்லை. அந்த ஓட்டையைப் பற்றி மூன்று கேள்வி இருக்கிறது. அதன் வடிவம் என்ன, அதன் வழியே போவது என்ன, எந்தத் திசையில் போகிறது. மூன்றையும் ஒன்றாக்கித்தான் எல்லாரும் தவறான கேபிளை வாங்குகிறார்கள்.

1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ.வில் இந்தக் குழப்பம் இல்லை. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, பதினைந்து ஊசி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறமும் அனலாக், கூடவே கிடைத்தளத்துக்கும் செங்குத்துக்கும் ஒவ்வோர் ஒத்திசைவு. அதைப் பார்த்தாலே உள்ளே ஓடுவது என்னவென்று தெரியும். 1999-இல் டி.வி.ஐ. வந்தது. ஒரே சாயலில் மூன்று வகை: டிஜிட்டல் மட்டும், அனலாக் மட்டும், இரண்டும் சேர்ந்தது. அனலாக் உண்டா என்று அறிய, தட்டையான நீள ஊசியைச் சுற்றி நான்கு சிறு ஊசி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஹெச்.டி.எம்.ஐ.யில் அந்த வசதியும் இல்லை. 2009-இல் வந்த 1.4 பதிப்பானாலும் 2013-இல் வந்த 2.0 ஆனாலும் துளை ஒன்றே. முன்னது 3840×2160 படத்தை நொடிக்கு 30 முறை அனுப்பும், பின்னது 60 முறை. யூ.எஸ்.பி.-சி இன்னும் மோசம். ஒன்றில் படம் போகும், அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றில் மின்சாரமும் கோப்பும் மட்டும் போகும்.

என் பரிந்துரை: கருவியில் இருக்கும் துளை ‘செருகுவாய்’. கேபிளின் நுனி ‘செருகுமுனை’. உள்ளே ஓடுவதற்கான ஒப்பந்தம் ‘இடைமுகம்’.

---

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

> ஹெச்.டி.எம்.ஐ.யில் அந்த வசதியும் இல்லை

முதலில் அந்த ‘ஹெ’யை எடுங்கள். எச் என்று எழுதினால் எந்தக் கேபிளும் கழன்று விழாது.

அடுத்து, அது ஏன் சுருக்கமாகவே கிடக்க வேண்டும்? உயர்வரையறைப் பல்லூடக இடைமுகம், சுருக்கமாக உ.ப.இ. டிஸ்ப்ளேபோர்ட் என்று இன்னொரு வகை இருக்கிறதே, அது காட்சித்துறை. போர்ட்டுக்குச் செருகுவாய் எதற்கு? துறை இருக்கிறதே. கலம் வந்து அடையும் இடம் துறை, குறிகை வந்து அடையும் இடமும் துறை.

---

கணினி ஆசிரியை எழுதியது:

துறை என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கல்வித்துறையும் மின்துறையும்தான். ‘காட்சித்துறையில் பழுது’ என்று எழுதினால் யாருக்கு மனுப் போடுவது என்று கேட்பார்கள்.

உ.ப.இ.யைப் பற்றி ஒன்றே ஒன்று. பெட்டியின் முதுகில் ஒரு பெயர் அச்சடித்திருக்கிறது, கேபிளிலும் அதே பெயர். இரண்டையும் பொருத்திப் பார்த்துச் செருகுவதுதான் வாங்கியவரின் வேலை. நாம் மூன்றாவதாக ஒரு பெயர் கொடுத்தால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

---

பேராசிரியர் எழுதியது:

துறை என்ற சொல்லைப் பழிக்க வேண்டா. நீர்த்துறை, அகத்துறை, புறத்துறை எனத் தமிழில் அதற்கு நீண்ட வாழ்வு உண்டு. பொறியாளர் தம்பி மூன்றாவது கேள்வியாகத் திசையைக் கேட்டுவிட்டு விடை சொல்லாமல் போய்விட்டாரே. அதற்கு என்ன சொல்?

---

எப்போதாவது எழுதுபவர் எழுதியது:

படம் உள்ளே வரும் வாய் வருவாய். வெளியே செல்லும் வாய் செல்வாய். இரண்டும் வினைத்தொகை, ஐயா மறுக்க முடியாது. ‘இத்திரைக்கு மூன்று வருவாய் உண்டு’ என்று விளம்பரம் செய்தால் விற்பனை பிய்த்துக்கொண்டு போகும்.

---

பேராசிரியர் எழுதியது:

மறுக்க முடியவில்லை என்பதுதான் என் துன்பம். இலக்கணம் குற்றமற்றது. நீ வருவாய், நீ செல்வாய் என்று முன்னிலை வினைமுற்றாகவும் நிற்கும். கேபிளைப் பார்த்து ஆணையிடுவது போல இருக்கிறது.

---

பொறியாளர் எழுதியது:

சிரித்துவிட்டேன், ஆனால் திசை சிரிப்புக்கான சங்கதி இல்லை. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், திரையில் ஹெச்.டி.எம்.ஐ. என்றால் பெரும்பாலும் எளிய அடாப்டர் ஒன்றே போதும். கணினியின் செருகுவாய் இரண்டு மொழியும் பேசக்கூடியதாக இருந்தால் சரி. அதே அடாப்டரைத் திருப்பிப் போட்டு, ஹெச்.டி.எம்.ஐ. கணினியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் திரைக்குப் படம் அனுப்ப முடியாது. அதற்குக் குறிகையை மாற்றித் தரும் தனிக் கருவி வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். இரண்டு முனையும் சரியாகப் பொருந்தும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ‘புறப்படும் முனை’, ‘சேரும் முனை’ என்று எழுதினால் போதும். ‘இருபக்க அடாப்டர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், படம் வராவிட்டால் மிதந்து வரும் அந்த ‘நோ சிக்னல்’ அறிவிப்பு. அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘சமிக்ஞை இல்லை’ என்று போட்டிருக்கிறேன். தனித்தமிழ் அன்பர் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ‘குறிகை இல்லை’ என்று மாற்றத் தயார்.

---

கணினி ஆசிரியை எழுதியது:

இரண்டுமே உதவாது. பாதி நேரம் சிக்னல் வந்துகொண்டுதான் இருக்கும். கேபிள் ஹெச்.டி.எம்.ஐ.யில் இருக்கும், திரை வி.ஜி.ஏ.வைப் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தி உள்ளீட்டை மாற்றினால் படம் வந்துவிடும். ‘இந்த வாயில் சிக்னல் வரவில்லை’ என்று எழுதுங்கள். ‘இந்த’ என்ற ஒரு சொல் போதும், ‘அப்படியானால் வேறு எந்த வாயில்?’ என்று யோசிப்பார்கள்.

---

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

சிக்னலா? நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நேட்டிவ் ரெசல்யூஷன் இன்னும் நிற்கிறது. நாளை வெள்ளி.

---

பொறியாளர் எழுதியது:

ரெசல்யூஷனிலிருந்தே தொடங்க வேண்டும். பிரிதிறன் என்பது ஒளியியல் சொல். நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளியை இரண்டாகவே பிரித்துக் காட்டும் திறன். திரை விற்பவர்கள் சொல்வது திறனை இல்லை, எண்ணிக்கையை. 1920×1080 என்பது 24 அங்குலத்திலும் அதுதான், 27 அங்குலத்திலும் அதுதான். ஆனால் முன்னதில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி, பின்னதில் சுமார் 82. பெரியதை வாங்கிவிட்டு ‘எழுத்து ஏன் சொரசொரவென்று இருக்கிறது, பிரிதிறன் ஒன்றுதானே?’ என்று கேட்பவரை நம் கலைச்சொல்லே ஏமாற்றியிருக்கிறது. எண்ணிக்கைக்குப் ‘புள்ளியளவு’, நெருக்கத்துக்குப் ‘புள்ளியடர்த்தி’ என்று பிரித்துவிடுங்கள்.

நேட்டிவ் என்பது அந்தத் திரையில் நிஜமாகவே பதித்திருக்கும் புள்ளிகளின் அளவு. 1920×1080 பதித்த திரைக்கு 1280×720 படத்தை அனுப்பினால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரைப் புள்ளியில் உட்கார வேண்டும். அரைப்புள்ளி என்று ஒன்று கிடையாதே, பக்கத்துப் புள்ளியோடு கலந்து மங்கிவிடும்.

---

கணினி ஆசிரியை எழுதியது:

அப்படியானால் ‘இயல்புப் புள்ளியளவு’.

---

எப்போதாவது எழுதுபவர் எழுதியது:

மென்பொருள்களில் டீஃபால்ட்டுக்கு ஏற்கெனவே இயல்பு, இயல்பிருப்பு என்று போட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே அமைப்புப் பக்கத்தில் வரும். இயல்பான அமைப்பு 1280×720, இயல்புப் புள்ளியளவு 1920×1080 என்று காட்டினால் படிப்பவர் எதை நம்புவார்?

---

பேராசிரியர் எழுதியது:

பிறவிப் புள்ளியளவு எனலாம். மெய்ப்புள்ளியளவு இன்னும் நன்று. ஆனால் மெய் என்றால் புள்ளி பெற்ற எழுத்து என்பதும் உண்டு. மெய்க்குப் புள்ளி இடுவது பற்றித் தொல்காப்பியம்...

(மிச்சத்தை இரவு எழுதுகிறேன்.)

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, கோப்பு போய்விட்டது. ‘திரையின் சொந்தப் புள்ளியளவு’ என்று எழுதிவிட்டேன். படிப்பவருக்குத் தடங்கல் இருக்காது.

மற்றபடி அகலத்திரை நின்றது. மானிட்டர் முதல் பக்கத்தில் ஒருமுறை தனித்திரை, பிறகு வெறும் திரை. செருகுவாய், செருகுமுனை இரண்டும் உள்ளே போய்விட்டன. இடைமுகத்தை எடுத்துவிட்டேன், அந்த இடங்களில் ‘வி.ஜி.ஏ. முறை’, ‘டி.வி.ஐ. முறை’ என்று முறை போட்டதே போதுமாக இருந்தது. உயரத்தைப் பற்றிய அடிக்குறிப்பைப் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். ‘இந்த வாயில் சிக்னல் வரவில்லை’ என்பதை மட்டும் ‘குறிகை வரவில்லை’ ஆக்கி, அக்காவின் ‘இந்த’வைக் காப்பாற்றினேன்.

---

பேராசிரியர் எழுதியது:

சொந்தம் நமக்குச் சொந்தமில்லை, வடமொழி என்பாரும் உண்டு. போகட்டும். எழினிக்கு ஒருவர்கூட ஆதரவு தரவில்லை என்பதையும், நான் அதைத் திரும்பப் பெறவில்லை என்பதையும் குழுவின் பதிவில் வைக்க வேண்டுகிறேன். வளைந்த திரைகள் வந்துவிட்டன என்கிறார்கள். வளையெழினி எவ்வளவு இனிமையாக இருக்கிறது, சொல்லிப் பாருங்கள்.

---

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

கோப்பில் இருப்பது ஹெச்சா எச்சா?

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஹெச். அட்டை அச்சுக்குப் போய்விட்டது, அண்ணா.