குடல் சுழற்சிக் கோளாறு: மகளுக்குத் துளைவழியா, வயிற்றைத் திறந்தா?

தக்கலைத் தையல்காரி:
மகளுக்கு 6 வயது. மூன்று ஆண்டுகளாக வயிற்றுவலி வரும், போகும். பூச்சி என்று மருந்து கொடுத்தோம். மாமியார் ஓமத்திரவம் கொடுத்தார், மிளகாய் சுற்றிப் போட்டார். மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய்வந்த இரவு பச்சையாக வாந்தி எடுத்தாள். அங்கே தின்ற பஜ்ஜியின்மேல் பழியைப் போட்டோம். மறுபடியும் எடுத்தபோதுதான் குடல் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான பேரியம் என்ற திரவத்தைக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். குடல் சுழற்சிக் கோளாறு என்றார்கள். முன்சிறுகுடல், அதாவது சிறுகுடலின் தொடக்கம், முதுகெலும்பைத் தாண்டி இடப்பக்கம் போகாமல் வலப்பக்கமே இறங்குகிறதாம். இப்போது குடலில் முறுக்கு இல்லை, ஆனாலும் அறுவை சிகிச்சை வேண்டும். திருவனந்தபுரத்து மருத்துவர் துளைவழி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கருவியை விட்டு, லேப்ராஸ்கோபி) செய்யலாம் என்கிறார். நாகர்கோவிலில் பார்த்தவர் திறந்து செய்வதே நல்லது என்கிறார். பெண் பிள்ளைக்குத் தழும்பு ஆகாது என்று வீட்டில் எல்லோரும் துளையின் பக்கம். எனக்குத் தூக்கமே இல்லை.

குளச்சல் அப்பா:
என் மகனுக்கும் இதே கோளாறுதான். பிறந்த ஒன்பதாம் நாள் வாந்தி எடுத்தான். முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாந்தி பட்ட துணியைப் பையில் போட்டு எடுத்துப்போய் அடுத்த மருத்துவர் முன் விரித்துக் காட்டினேன். முருங்கைக்கீரையைக் கசக்கிப் பிழிந்த நிறம். மாலைக்குள் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். கறுத்துப்போயிருந்த குடலின் முறுக்கை அவிழ்த்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடி, நிறம் திரும்பும்வரை காத்திருந்தார்களாம். துளையா திறப்பா என்ற பேச்சே அன்று எழவில்லை. இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறான். வயிற்றில் குறுக்காக ஒரு கோடு. சுறா கடித்தது என்று கூட்டாளிகளிடம் அளக்கிறான்.

ஓய்வுபெற்ற செவிலி, நாகர்கோவில்:
மகளே, முப்பது ஆண்டுகள் அறுவை அரங்கில் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தவள் நான். பனையோலை விசிறியை நினைத்துக்கொள். குடல் அதன் விளிம்பு. இரத்தக்குழாய் வரும் மடிப்பு அதன் அடி. எல்லோருக்கும் அந்த அடி முதுகுச் சுவரில் அகலமாக ஒட்டியிருக்கும். உன் மகளுக்கு அது காம்பாக ஒடுங்கிவிட்டது. அதனால்தான் சுற்றிக்கொள்கிறது, சுற்றினால் இரத்தம் நிற்கிறது. பாஸ்டனில் வில்லியம் லாட் 1936இல் எழுதிய முறையைத்தான் இன்றும் செய்கிறார்கள்: குறுக்கே கிடக்கும் பட்டைகளை வெட்டி, ஒடுங்கிய அடியை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பார்கள். குடல்வாலையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அதுவும் பெருங்குடலோடு இடப்பக்கம் போய்விடும்; பின்னாளில் அங்கே வலித்தால் குடல்வால் என்று யார் நினைக்கப்போகிறார்கள்?

துளைவழியிலும் உள்ளே இதே வேலைதான். வலி குறைவு, கஞ்சியும் சீக்கிரம், வீடும் சீக்கிரம். ஆனால் திறந்து செய்தால் உள்ளே ஒட்டுதல், அதாவது ஆறும்போது குடல் அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொள்வது, கூடுதலாக உண்டாகும். மற்ற அறுவைகளில் அதைச் சனியன் என்போம். பின்னாளில் அடைப்பையும் தரக்கூடியது. இங்கேயோ குடலை இடத்தில் பிடித்துவைக்க அதுவே உதவுகிறது என்பார்கள். துளைவழிக்குப் பிறகு மறுபடி முறுக்கிக்கொள்வது சற்று அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

தழும்பை விடு. இந்த அறுவையைக் குழந்தைகளுக்குத் துளைவழி எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று கேள். அடியை முழுதாக அகலப்படுத்த முடியாவிட்டால் அங்கேயே திறந்துவிடுவீர்களா என்றும் கேள். இதற்குள் மறுபடி பச்சை வாந்தி வந்தால், விடியட்டும் என்று இருக்காதே.

தக்கலைத் தையல்காரி:
அம்மா, அளவெடுக்கும் நோட்டில் இரண்டு கேள்விகளையும் எழுதிக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். முதல் கேள்விக்கு அவர் மழுப்பவில்லை. இரண்டாவதற்கு, "திறந்துவிடுவேன், அதற்கும் இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்றார். போட்டுவிட்டேன். வியாழக்கிழமை அறுவை. சுறாக் கதையைப் படித்துக் காட்டியதிலிருந்து, தனக்குக் கோடுதான் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள்.