மறு: ‘ஃபார்மேட்’டுக்குத் தமிழ்ச் சொல் – இரண்டாவது வன்வட்டு அத்தியாயம்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினிக் கையேட்டின் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கணினியில் இரண்டாவது வன்வட்டைச் சேர்ப்பது பற்றிய அத்தியாயம் மட்டும், வட்டைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்வதைச் சொல்லும் ‘ஃபார்மேட்’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடக்கிறது. வடிவமைத்தல், வடிவூட்டல், பதனிடல், ஏடிடல் என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் அத்தியாயத்தில் பொருத்திப் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடுவதே நம்மை இழுத்தடிக்கிறது என்று படுகிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று நான்கு வேலைகள் கிடக்கின்றன. வேலைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அத்தியாயம் தானாக நகரும்.

> வடிவூட்டல் ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறதே ஐயா, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பாடநூலில் அது உரைக்கு. எழுத்தைத் தடிமனாக்குவது, பத்தியை ஒழுங்கு செய்வது போன்றவற்றை வடிவூட்டல் என்று படித்த பிள்ளைக்கு அது பயமில்லாத வேலை. பிடிக்காவிட்டால் ‘கன்ட்ரோல் இசட்’ தட்டித் திருப்பிவிடலாம். அதே சொல்லை வட்டிலும் பார்த்தால் அதே தைரியத்தோடு அழுத்துவான். வட்டில் திருப்பும் விசை கிடையாது. ஆங்கிலக்காரருக்கு இந்த இரட்டைப் பொருள் பழகிப்போயிற்று. நாம் அந்த வம்பை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

‘ஃபார்மேட்’ என்ற சொல் எப்படி இவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டது என்று பார்த்தால் வழி தெரிகிறது. சீகேட் 1980இல் கொண்டுவந்த எஸ்டி-506 வட்டின் கொள்ளளவு 5 மெகாபைட். அந்தக் காலத்து வட்டுகளில் எந்தத் தடம் எங்கே ஓடுகிறது, அதில் எந்தக் கூறு (‘செக்டர்’) எங்கே தொடங்குகிறது என்ற அடையாளங்களைக் கணினியில் இருக்கும் கட்டுப்பாட்டு அட்டையே காந்தப் பரப்பில் எழுத வேண்டியிருந்தது. பழைய டாஸ் இயங்குதளத்தில் டிபக் நிரலைத் திறந்து ‘ஜி=சி800:5’ என்று தட்டி அட்டைக்குள் இருக்கும் நிரலை எழுப்பியவர்கள் இந்தக் குழுவிலேயே ஓரிருவர் இருப்பீர்கள். கட்டுப்பாட்டுச் சுற்று வட்டிலேயே அமைந்த ஐடிஇ வட்டுகள் வந்தபின் அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது, நாம் செய்ய வழியும் இல்லை. நெகிழ்வட்டில் (‘ஃப்ளாப்பி’) மட்டும் தடம் போடுவது, கோப்புகளுக்கு இடம் ஒழுங்கு செய்வது இரண்டையும் ஒரே கட்டளை செய்துவந்தது. அதன் பெயர்தான் ‘ஃபார்மேட்’. முதல் வேலை தொழிற்சாலைக்குப் போன பிறகும் பெயர் நம் கையில் தங்கிவிட்டது.

அந்தப் பழைய வேலைக்குத் ‘தடமிடல்’ என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. ஆனால் பொதுச் சொல்லாக அதை வைக்க முடியாது. சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் வட்டும் இல்லை, தடமும் இல்லை. வரலாற்றுக் குறிப்புப் பெட்டியில் ஒரு முறை வரட்டும், போதும்.

இனி பயனர் உண்மையில் செய்யும் வேலைகள்.

இன்றைய சாட்டா இணைப்பு வகை வட்டைப் பெட்டியில் திருகி, 7 முனைத் தரவு வடத்தையும் 15 முனை மின்வடத்தையும் செருகி, கணினியை எழுப்புகிறார். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் புது வட்டின் பெயரைக் காட்டுகிறது. உள்ளே போய்க் கோப்பு மேலாளரைத் திறந்தால் எதுவும் இல்லை. உதவி கேட்டு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன: “வட்டு பழுதா?” பழுதில்லை. எந்த இடம் எதற்கு என்று சொல்லும் அட்டவணை வட்டில் இன்னும் எழுதப்படவில்லை. விண்டோஸ் இதை ‘இனிஷியலைஸ்’ என்கிறது. ‘தொடக்கு’ என்று மொழிபெயர்த்தால் கணினியைத் தொடக்குவதோடு முட்டும். நடப்பதை அப்படியே சொல்லி ‘அட்டவணை இடு’ என்று வைக்கலாம்.

> ‘பார்ட்டிஷன்’ என்பதற்குப் பகிர்வு என்று முன்பே பல இடங்களில் போட்டாயிற்று.

போட்டாயிற்று, உண்மைதான். அந்த நாளில் ‘ஷேர்’ பொத்தான் ஊருக்குள் வரவில்லை. இன்று பகிர்வு என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ‘வட்டில் ஒரு பகிர்வை உருவாக்கு’ என்று படிப்பவர் வலைப்பின்னலில் அடுத்த கணினிக்குத் திறந்துவிடுவதாக எடுத்துக்கொள்வார். அப்படி ஒரு வசதியும் இருக்கிறது என்பதுதான் சங்கடம். பிரிவினை என்றாலோ 1947 ஞாபகத்துக்கு வருகிறது. ‘பாகம்’ போதும் என்பது என் கருத்து. பாகம் பிரிப்பது தமிழ் வீடுகளுக்குத் தெரிந்த காரியம். எல்லைச் சண்டை உட்பட. சொல்லும் நன்றாக வளைந்து கொடுக்கிறது: பாகம் பிரி, பாக அட்டவணை, முதன்மைப் பாகம், பாகம் பிரிக்காத இடம்.

பாக அட்டவணையில் பழையது எம்பிஆர். வட்டின் முதல் 512 பைட்டில் 64 பைட்தான் அட்டவணைக்கு. ஒரு பதிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவு, அதற்கு மேல் முதன்மைப் பாகம் கிடையாது. கூறு எண்ணுக்கு 32 பிட் மட்டுமே இருப்பதால், 512 பைட் கூறுகளில் 2 டெபிபைட்டுக்கு (சுமார் 2.2 டெராபைட்) மேல் கை எட்டாது. 4 டெராபைட் வட்டு வாங்கி எம்பிஆர் போட்டவருக்குப் பாதி வட்டு கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு வராமல் கிடக்கும். புது வகையான ஜிபிடி அட்டவணை வழக்கமாக 128 பாகம் வரை தாங்கும், வட்டின் கடைசியில் தன் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளும். புது வட்டுக்கு ஜிபிடி என்று கையேடு ஒரே வரியில் சொல்லிவிட்டு நகரலாம்.

இதை ஒட்டி இன்னொன்று. நம் ஊர்க் கடைகளில் ‘சி டிரைவ், டி டிரைவ்’ என்பது ஒரே வட்டின் இரண்டு பாகங்களுக்குப் பெயர். நெகிழ்வட்டுகளுக்கு ஏ, பி என்று ஒதுக்கியதால் வன்வட்டு சி-யில் தொடங்கியது, அந்த எழுத்து வரிசை இன்றும் ஓடுகிறது. “டி டிரைவில் நகல் வைத்திருக்கிறேன்” என்று நிம்மதியாக இருப்பவரின் நகலும் மூலமும் பல நேரம் ஒரே வட்டில் இருக்கும். வட்டு போனால் இரண்டும் போகும். இரண்டாவது வட்டு சேர்ப்பதற்கான காரணமே பாதி இதுதான். அதனால் அத்தியாயம் முழுக்கக் கையில் பிடிக்கும் பொருள் வட்டு, அதற்குள் வரைந்த எல்லை பாகம் என்று கறாராக எழுத வேண்டும். டிரைவ் என்ற சொல்லைத் திரையில் தெரியும் எழுத்தைக் குறிக்க மட்டும் விடலாம்.

இப்போது ஃபார்மேட்டின் மையத்துக்கு வருகிறேன். பாகம் பிரித்தபின் அதற்குள் கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு எங்கே என்று குறித்துவைக்கும் ஏற்பாடு, எழுத வேண்டும். விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் வழக்கமாக ஈஎக்ஸ்டி4. லினக்ஸ் கட்டளையின் பெயரே ‘எம்கேஎஃப்எஸ்’: கோப்பு முறைமை செய். அந்தப் பெயரில் ஃபார்மேட் என்ற சொல்லே இல்லை. ‘முறைமையிடல்’ என்று வைத்தால் கருத்து நேராக வந்துவிடுகிறது. முறைமையிடு, முறைமையிட்ட பாகம், முறைமையிடாத பாகம், விரைவு முறைமையிடல். வாயில் சற்றுக் கடமுடவென்றுதான் இருக்கிறது. கையேட்டுச் சொல்லுக்கு அது பரவாயில்லை.

நடப்பது கடைக்காரர் புதுக்கணக்கு போடுவதைப் போன்றது. புது ஏட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் தலைப்பு எழுதி, பற்று வரவுக்குக் கோடு கிழித்து வைக்கிறார். கிடங்கில் இருக்கும் மூட்டையை யாரும் தொடவில்லை. ஆனால் எந்த மூட்டை எங்கே என்று சொல்லும் பழைய ஏடு போய்விட்டது. விரைவு முறைமையிடலில் இதுதான் நடக்கிறது: பழைய கோப்புகளின் பைட்டுகள் அப்படியே கிடக்க, அவற்றின் முகவரிகள் மட்டும் போகின்றன. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற மீட்பு நிரல்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். முழு முறைமையிடல் வேறு கதை. விண்டோஸ் எக்ஸ்பி வரை அது கூறுகளைப் படித்துப் பழுது மட்டும் பார்த்தது, விஸ்டாவிலிருந்து அது பாகம் முழுவதும் சுழியம் எழுதுகிறது. எஸ்எஸ்டியில் விரைவானதுகூட ஆபத்து. இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்ற செய்தி டிரிம் கட்டளையாக வட்டுக்குப் போய்விடுவதால் மீட்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

> ஏடிடல் இந்தப் பொருளுக்குச் சரியாக வருமே?

பொருளுக்கு வருகிறது அக்கா, அழகாகவே வருகிறது. ஆனால் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘ஏடிடு’ என்பது ‘எடிட்’ என்றே காதில் விழுகிறது. “இந்த வட்டை ஏடிடவா?” என்று தொலைபேசியில் கேட்டால் மறுமுனையில் தாராளமாகச் ‘சரி’ என்பார்கள். அந்த ஒரே காரணத்துக்காக, மனமில்லாமல், விட்டுவிடச் சொல்கிறேன்.

பதனிடல் நல்ல பழைய சொல். நிலத்தையும் தோலையும் பயனுக்கு ஏற்றபடி ஆக்குவது. கடையில் பேசும் பொதுப்பொருள் ஃபார்மேட்டுக்கு, அதாவது ‘வட்டைத் தயார் பண்ணித் தாங்க’ என்ற பொருளுக்கு, ஒத்துவரும். என் தயக்கம் பொத்தானைப் பற்றியது. ஒரே கணினியில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஈஎக்ஸ்டி4 பாகத்துக்கு ஓர் எழுத்து கிடைத்து அதைச் சொடுக்கினால், விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. “இதைப் பயன்படுத்துவதற்கு முன் வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று ஒரு பெட்டி வரும். அந்த இடத்தில் ‘பதனிடு’ என்று இருந்தால், எண்ணெய் போடச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று யாரும் அழுத்திவிடுவார்கள். பல வருடப் புகைப்படங்கள் ஒரு சொடுக்கில் போகும்.

ஆகவே என் முன்மொழிவு: கையேட்டின் உரையில் முறைமையிடல், திரையின் பொத்தானில் ‘அழித்து அமை’. கலைச்சொல் ஒற்றைச் சொல்லாக இருக்க வேண்டும் என்ற விதி அகராதிக்குத்தான், பொத்தானுக்கு இல்லை. மேக் கணினியின் வட்டுப் பயன்பாட்டு நிரலில் இந்த வேலைக்கான பொத்தான் ‘அழி’ என்ற பொருளில்தான் இருக்கிறது.

> அழிக்கவே இல்லை, ஏடுதான் மாறுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ‘அழித்து’ என்பது பொய்யில்லையா?

நியாயமான கேள்வி. பழைய வட்டை விற்பவருக்கு அந்தச் சொல் பொய்யான நிம்மதியைத் தரும். ஆனால் பொத்தானைப் பார்ப்பவர்களில் விற்பவரைவிடத் தன் கோப்பை இழக்கப்போகிறவரே அதிகம், அவருக்கு அந்தப் பயம் தேவை. விற்பவருக்குத் தனி வேலை, தனிச் சொல்: ‘துடைத்தல்’. கூறு தவறாமல் மேலே எழுதி, பழையது எதுவும் மிஞ்சாமல் செய்வது. கையேட்டில் துடைத்தலுக்கு ஒரு பத்தி இப்போது இல்லை, சேர்க்க வேண்டும்.

கடைசி வேலை ‘மவுண்ட்’, முறைமையிட்ட பாகத்தைக் கணினி பயன்படுத்தும்படி இணைப்பது. இதற்கு ஏற்று என்கிறோம். பதிவேற்று, நினைவகத்தில் ஏற்று என ஏற்கெனவே அங்கே கூட்டம். மாட்டு–கழற்று நல்ல இரட்டை, ஆனால் பெட்டிக்குள் வட்டைத் திருகுவதையும் மாட்டுவது என்றுதான் சொல்கிறோம், குழப்பம் உறுதி. லினக்ஸில் நடப்பது, புது பாகத்தின் அடைவு மரம் ஏற்கெனவே இருக்கும் மரத்தின் ஓர் அடைவில் வந்து சேர்வது. ‘கோத்தல்’ என்று சொல்லிப் பார்த்தேன், பிடித்திருந்தது. கோப்பு என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதானே. ஏவல் வினை ‘கோ’ என்று ஓரெழுத்தில் நிற்பது பொத்தானுக்கு உதவாது. ஆனால் கோப்பு மேலாளரில் பாகத்தைச் சொடுக்கினாலே கோத்துவிடுகிறது, அந்தப் பொத்தான் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கண்ணில் படுவது பிரிக்கும் பொத்தான்தான். எழுத வேண்டியது இன்னும் நினைவகத்தில் காத்திருக்கும்போது வடத்தைப் பிடுங்கினால் கோப்பு கெடும் என்பதால் அங்கே ‘பாதுகாப்பாக விலக்கு’ என்று நீட்டியே எழுதலாம்.

கோத்தலோடு சேர்ந்து வரும் எஃப்எஸ்டேப் (எந்தப் பாகத்தை எங்கே கோக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) பத்தியில் மூலத்தைவிடச் சற்று விரிவாக எழுதக் கேட்கிறேன். லினக்ஸ் வட்டுகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் அதே வட்டைக் குறிக்கும் என்று நம்ப முடியாது, மாறாத அடையாள எண்ணான யூயூஐடியைத்தான் எழுத வேண்டும். வட்டு இல்லாவிட்டாலும் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், வட்டைக் கழற்றிய மறுநாள் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர முறையில் போய் நிற்கும். புது ஈஎக்ஸ்டி4 பாகம் நிர்வாகியான ரூட் பயனருக்கே உரியது என்பதால் உரிமையை மாற்றித் தர வேண்டும். அதில் 5 விழுக்காடு ரூட்டுக்கென்று ஒதுக்கப்படுவதையும் சொல்ல வேண்டும். தரவு மட்டும் வைக்கும் வட்டுக்கு அந்த ஒதுக்கீடு அனாவசியம், ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் குறைக்கலாம்.

ஒரே வடத்தில் இருக்கும் இரண்டு வட்டுகளைப் பிரித்தறிய ஐடிஇ காலத்தில் வைத்த ‘மாஸ்டர், ஸ்லேவ்’ ஜம்பர் பற்றிய பகுதியை மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சாட்டாவில் அந்த ஏற்பாடே கிடையாது. ஆண்டான், அடிமை என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லோடு அதன் ஏவல், பெயரெச்சம், எதிர்மறை மூன்றையும் எழுதி, அந்தச் சொல் திரையில் தோன்றும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ‘கோர்த்த’ என்று எழுத வேண்டாம், ‘கோத்த’ என்பதே வரட்டும். ‘டிஸ்க்’குக்கு வட்டா தட்டா என்ற பழைய வழக்கைத் தயவுசெய்து இந்த இழையில் திறக்காதீர்கள்.

அன்புடன்.