எல் ஜெம் நிலவறையில் பையன் கேட்டது

கடலோடி:
துனீசியாவில் எல் ஜெம் போனவர்கள் இங்கே இருப்பீர்கள், அதனால் வர்ணனை வேண்டாம். கி.பி. 238 வாக்கில் எழுந்த ரோமானிய சண்டை அரங்கு, சுமார் 35,000 பேர் உட்காரலாம். மேல் படிகளில் ஏறிப் படமெல்லாம் எடுத்து முடித்து நிலவறைக்கு இறங்கினோம். மேலே கொளுத்துகிற வெயில், உள்ளே சட்டென்று குளிர்ச்சி. இரண்டு பக்கமும் சண்டைக்கு விடும் விலங்குகளை அடைத்த அறைகள். பையன் ஒன்றுக்குள் போய் நின்று, அரங்குத் தரையின் நீளத் திறப்பில் இறங்கிய வெளிச்சத்தையே பார்த்தான். "அப்பா, சிங்கத்துக்கும் பயமா இருந்திருக்கும்ல?" அதே நேரம் மேலே யாரோ எதிரொலி கேட்கக் கைதட்டினார்கள். சத்தம் நேராக எங்கள் தலையில் வந்து விழுந்தது. பையன் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தக் கைதட்டல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மல்லிகைப்பந்தல்:
எங்களுக்கு இப்படி ஒன்று நடந்தது பிரான்சின் நீம் நகரத்து ரோமானிய அரங்கில். உள்ளே போகவே இல்லை. வாசலில் காளைச் சண்டைச் சுவரொட்டி. மகள் தேதியைப் படித்துவிட்டு, "இந்த வருஷமா? இன்னுமா நடத்துறாங்க?" என்றாள். ஆமாம், அங்கே இன்றும் நடக்கிறது. வாங்கிய டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

தென்றல்:
இரண்டு பேரும் ரத்தத்தை மட்டுமே சொல்கிறீர்கள், அது முழு உண்மை இல்லை. கிளாடியேட்டரை, அதாவது அரங்கில் சண்டையிடும் வீரரை, பயிற்றுவிக்க நிறையச் செலவாகும், ஒவ்வொரு சண்டையிலும் சாகவிட மாட்டார்கள். கையில் கோலோடு நடுவர் நிற்பதைப் பழைய மொசைக் ஓவியங்களிலேயே பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

நாங்கள் ரோமில் கொலோசியம் பார்த்தோம். கூட்ட நெரிசலில் சின்னவள் அழுதுகொண்டே இருந்தாள், அவ்வளவுதான். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நிலவறைக்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே எடுங்கள். 18 வயதுக்குள் இருந்தால் நுழைவு இலவசம், ஆனாலும் பிள்ளைகள் பெயரிலும் டிக்கெட் எடுக்க வேண்டும். காலியான பாட்டில் கொண்டுபோங்கள், ரோம் தெருக்குழாய்களில் நல்ல தண்ணீர் வரும். விலங்குக் கூண்டுகளைக் கப்பி போட்டு மேலே தூக்கிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பயம் போய் ஆர்வம் வந்துவிடும். கூட்டம் ஆகாது என்றால் நேப்பிள்ஸ் பக்கத்தில் பொசுவோலி ஊரின் ரோமானிய அரங்குக்குப் போங்கள். அங்கேயும் நிலவறை நன்றாகவே நிற்கிறது, நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

கடலோடி:
தென்றல், நடுவர் கிளாடியேட்டருக்குத்தானே? பையன் கேட்டது சிங்கத்தைப் பற்றி.